டிராக்டர் எஞ்சினுக்கு வெப்ப மீட்டர் பொருத்துதல்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவர் எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கக்கூடும். காரணம் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்படும் ஆண்டுகளில், டெல்டாப் பகுதி முழுவதும் ஒரே சமயத்தில் சேற்றுழவு நடக்கிறது. குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட வேண்டும். நாற்றங்கால் காத்திருக்காது. அந்த நேரத்தில் டிராக்டர் பழுதாகி நின்றால் வாடகைக்கும் வேறு வண்டி கிடைக்காது. ஆகவே, எஞ்சினைச் சூட்டிலிருந்து காப்பதும் பயிர்ப் பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா பழைய டிராக்டர் ஒன்றை வாங்கியிருந்தார். அதிலிருந்த வெப்ப மீட்டர் வேலை செய்யாததால், புது மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தினார். ஆனி மாதச் சேற்றுழவின்போது ஒரு நாள் மீட்டரின் ஊசி சிவப்புக் கோட்டை நெருங்கியது. நிறுத்தலாமா என்று அவர் யோசிக்கும்போதே ஊசி தானாகக் கீழே இறங்கிவிட்டது. சூடு தணிந்தது என்று நிம்மதியடைந்து மேலும் இரண்டு சுற்று ஓட்டினார். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிறகு பார்த்தால், ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்து, நீர் முழுவதும் வெளியேறியிருந்தது. சேற்று வயலில் கொட்டிய நீர் யார் கண்ணிலும் படவில்லை.

பிஸ்டனும் லைனரும் மாற்றி வண்டி திரும்பி வர 12 நாட்கள் ஆயின. 22 நாள் நாற்று 34 நாள் நாற்றாயிற்று. வயது கடந்த நாற்று நடவு வயலில் சரியாகத் தூர் கட்டாது. கதிரும் ஒரே சீராக வெளிவராது. எஞ்சின் செலவோடு மகசூல் இழப்பும் சேர்ந்துகொண்டது.

அந்த மீட்டரில் பழுது எதுவும் இல்லை. அது சொன்னதைப் புரிந்துகொள்ளாததுதான் பிழை. மீட்டரை எப்படிப் பொருத்துவது என்பதுடன், ஊசி எப்போது ஏமாற்றும் என்பதையும் இன்று பார்ப்போம்.

மீட்டர் எதை அளக்கிறது?

எஞ்சின் சரியாக வேலை செய்யும்போது குளிர்நீரின் வெப்பம் பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் உடனே கொதிப்பதில்லை. ஆனால் அந்த அளவுக்குப் போகவிடுவது நல்லதல்ல. சூடு மிகுந்தால் சிலிண்டர் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும், கேஸ்கெட் கெடும், இறுதியில் பிஸ்டன் லைனருக்குள் இறுகிவிடும்.

கடைகளில் இரு வகை மீட்டர்கள் கிடைக்கின்றன. ஒன்றில், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த பித்தளைக் குமிழும் மெல்லிய உலோகக் குழாயும் மீட்டருடன் இணைந்தே இருக்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் குழாயை வெட்டவோ, கூர்மையாக மடக்கவோ கூடாது. மற்றொன்று மின்சார வகை. இதன் சென்சாருக்குள் சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருள் ஒன்று இருக்கிறது. மின்தடை குறைந்தால் ஊசி மேலே ஏறும். மீட்டரையும் சென்சாரையும் ஒரே தொகுப்பாக வாங்க வேண்டும். ஒரு மீட்டருடன் வேறொன்றின் சென்சாரை இணைத்தால் காட்டும் அளவு தவறாகும்.

காற்றால் குளிரும் எஞ்சின் உள்ள டிராக்டர்களுக்குக் குளிர்நீரே இல்லை. அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

எங்கே பொருத்துவது?

இடத்தைத் தேர்ந்தெடுப்பதே மிக முக்கியம்.

1. சிலிண்டர் ஹெட்டிலோ, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் எஞ்சின் பக்கத்திலோ, போல்ட் போட்டு மூடிய மரைத் துளை இருந்தால் அதுவே சிறந்த இடம். தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலும் அங்குள்ள நீர் எஞ்சினின் சூட்டைக் காட்டும்.

2. அத்தகைய துளை இல்லாவிட்டால், ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, சென்சார் துளையுள்ள இணைப்புக் குழாயை நடுவில் பொருத்தலாம். இது எளிது. ஆனால் குறை ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் மூடியபடியே பழுதானால் சூடான நீர் மேல் ஹோஸுக்கு வராது. எஞ்சின் கொதிக்கும்போதும் ஊசி குளிர்ச்சியையே காட்டும்.

3. கீழ் ஹோஸில் பொருத்தக் கூடாது. அது ரேடியேட்டரில் ஆறிய நீர் திரும்பி வரும் வழியாகும்.

பொருத்துமுன் சோதனை

மீட்டரையும் சென்சாரையும் பேட்டரியுடன் தற்காலிகமாக இணையுங்கள். சென்சாரின் உடலிலிருந்து ஒரு வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குக் கொடுங்கள். சென்சாரின் பித்தளை முனையைக் கொதிக்கும் நீரில் வையுங்கள். சமவெளியில் ஊசி 100 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். உதகை போன்ற உயரமான ஊர்களில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதை நினைவில் கொள்ளவும். பெரிய வேறுபாடு தெரிந்தால் அந்தத் தொகுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பொருத்தும் முறை

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, நீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். கூலன்ட் கலந்த நீர் இனிப்புச் சுவையுடையது, ஆனால் நஞ்சு. மாடும் நாயும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதை வாய்க்காலில் விடவோ, தொட்டியருகே வைக்கவோ வேண்டாம்.

மேல் ஹோஸில் பொருத்துவதானால், ஹோஸின் உள்விட்டமும் இணைப்புக் குழாயின் வெளிவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபேனும் பெல்ட்டும் தொடாத, வளைவில்லாத பகுதியில் வெட்டுங்கள். குழாயின் நீளம் முழுவதற்கும் ஹோஸை வெட்டி எடுத்துவிடக் கூடாது. 7 செ.மீ. நீளக் குழாய் இருபுறமும் 2.5 செ.மீ. ஹோஸுக்குள் நுழையுமானால், வெட்டி நீக்க வேண்டியது 2 செ.மீ. மட்டுமே. இரு முனைகளிலும் புது கிளிப் போட்டு இறுக்குங்கள்.

சென்சாரின் மரையும் துளையின் மரையும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். 1/8 அங்குலக் கூம்பு மரையும் 10 மில்லிமீட்டர் மரையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் மற்றது சேராது. முதலில் கையால் திருகுங்கள். சில சுற்றுகளாவது கையாலேயே இலகுவாக ஏறாவிட்டால் ஸ்பானர் போடாதீர்கள். பித்தளை மென்மையானது; மரை எளிதில் அழிந்துவிடும். கூம்பு மரையாக இருந்தால், நுனி மரையை விட்டுவிட்டு டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று மட்டும் சுற்றினால் போதும். வாஷருடன் வரும் நேர் மரைக்கு டேப் தேவையில்லை.

எர்த் வயரை மறவாதீர்கள்

ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடலே எர்த் ஆகும். அதை எஞ்சின் இரும்பில் நேரடியாகத் திருகினால் எர்த் தானாகக் கிடைக்கும். டேப்பை மிகுதியாகச் சுற்றினால் அது தடைப்படும். இணைப்புக் குழாயோ இருபுறமும் ரப்பரால் சூழப்பட்டது. ஆகவே அந்தக் குழாயிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தனி எர்த் வயர் கொடுத்தாக வேண்டும். வயர் சேரும் இடத்திலுள்ள பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள்.

மீட்டருக்கான மின்சாரத்தைச் சாவி சுவிட்சிலிருந்து ஒரு சிறிய ஃபியூஸ் வழியாக எடுங்கள். வயர்கள் சைலன்சரையும் ஃபேனையும் தொடாதவாறு கட்டுங்கள். தகட்டுத் துளை வழியாக வயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

பிறகு குளிர்நீரை மெதுவாக நிரப்புங்கள். சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீர் வேண்டாம். அது உள்ளே உப்புப் படிவை உண்டாக்கும். வடித்த நீரில், உங்கள் வண்டியின் கையேட்டில் கூறியுள்ள அளவில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழ்களாக வெளிவரும். நீர் மட்டம் குறையக் குறைய நிரப்பி, குமிழ் நின்ற பிறகு மூடியைப் போடுங்கள். காற்று சிக்கியிருந்தால் சென்சார் காட்டும் அளவு நம்பத்தக்கதல்ல.

ஊசி ஏமாற்றும் மூன்று சமயங்கள்

முதலாவது, நீர் வெளியேறிய சமயம். சென்சார் தன்னைத் தொடும் நீரின் சூட்டைத்தான் அளக்கும். நீர் போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். இரும்பு கொதித்தாலும் ஊசி இறங்கும். சித்தப்பாவின் வண்டியில் நேர்ந்தது இதுவே.

இரண்டாவது, வயர் அறுந்த சமயம். மேலே கூறிய மின்சார வகையில் வயர் அறுந்தாலும், எர்த் விட்டுப்போனாலும் ஊசி குளிர்ச்சியைக் காட்டும். வயர் உரிந்து இரும்பைத் தொட்டால் ஊசி உச்சத்துக்கு ஏறிவிடும்.

மூன்றாவது, மேல் ஹோஸில் சென்சார் இருக்கும்போது தெர்மோஸ்டாட் திறக்க மறுக்கும் சமயம்.

இந்த மூன்றிலும் ஆபத்து வருவது குளிர்ச்சி என்ற வேடத்தில்தான். ஊசி ஏறினால் எல்லோரும் கவனிக்கிறோம். சுமை இழுக்கும்போது காரணமில்லாமல் ஊசி இறங்கினால் அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

இதற்குத் துணையாக, வாஷர் போன்ற வளையச் சென்சாரும் ஒலி எழுப்பும் அலாரமும் கொண்ட கருவி உண்டு. அது நீரின் சூட்டை அல்லாமல் உலோகத்தின் சூட்டை அளப்பதால், நீர் முழுவதும் போனாலும் எச்சரிக்கும். அதை ஹெட்டில் திருகியுள்ள ஏதேனும் ஒரு சிறிய போல்ட்டின் கீழ் வைக்கலாம். ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகளை இதற்காகத் தளர்த்தவே கூடாது. வழக்கமான வேலையில் அது காட்டும் அளவைச் சில நாட்கள் குறித்து வைத்து, அதைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக அலாரத்தை அமைக்கலாம். முடிந்தவர்கள் மீட்டருடன் இதையும் சேர்த்துப் பொருத்துவது நலம்.

சூடு ஏறினால் செய்ய வேண்டியவை

ஊசி படிப்படியாக ஏறினால் கலப்பையைத் தூக்கி, சுமையை நீக்கி, எஞ்சினை இரண்டொரு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். நீர் சுற்றி வந்து சூடு இறங்கும். நீராவி தெரிந்தாலோ, ஏறிய ஊசி திடீரென இறங்கினாலோ ஒரு விநாடியும் தாமதிக்காமல் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். நன்றாக ஆறிய பிறகு, ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு மெல்லத் திறந்து பாருங்கள்.

சேற்றுழவிலும் கதிரடிப்பிலும் வைக்கோல் தூசி ரேடியேட்டர் தகடுகளை அடைத்துவிடும். வேலை முடிந்ததும் காற்று செல்லும் திசைக்கு எதிராக, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தையும் ஹோஸ்களின் வெடிப்பையும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

கார், ஜீப் வைத்திருப்போருக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் புதிய வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கென ஒரு சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழற்றவோ, அதன் வயரிலிருந்து கிளை எடுக்கவோ கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் ஹோஸை வெட்டுமுன் விற்பனையாளரைக் கேட்டுக்கொள்ளவும்.

உழவர் பெருமக்களே, எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யும் செலவை நோக்க, மீட்டரின் விலை மிகச் சிறிது. ஆனால் மீட்டரைப் பொருத்திவிட்டோம் என்ற துணிவில் காலையில் நீர் மட்டம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். ஆறிய எஞ்சினின் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்க அரை நிமிடம் போதும். நீர் இருக்கிறது என்று தெரிந்த பிறகே ஊசியின் சொல்லை நம்பலாம். இந்த ஆண்டு நடவு தொடங்குமுன் உங்கள் வண்டியின் மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே பொருத்திக்கொள்ளுங்கள்.