இலை கொட்டும் காலமும் பால்மரத்து நோயும்



நெகிரி செம்பிலானில் மலைகள் சூழ்ந்த ஜெலுபு வட்டாரத்தில் இருக்கிறது கோலா கிளாவாங். மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் ஜெலுபு என்பார்கள். ஆண்டுக்குச் சராசரி 1,650 மில்லிமீட்டர் அளவுதான். ஆனாலும் இங்குள்ள பால்மரங்கள் இலை நோய்க்குத் தப்புவதில்லை. மழை குறைந்தால் பூசணமும் குறைய வேண்டாமா?

எவ்வளவு மழை என்பதைவிட, எப்போது பெய்கிறது, எப்படிப் பெய்கிறது என்பதே முக்கியம்.

ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்ததும் பால்மரம் இலை கொட்டுகிறது. பிறகு செம்பு நிறத் தளிர் விடுகிறது. அந்தத் தளிர் முற்றிப் பச்சையாகும் வரை அது கைக்குழந்தை மாதிரி. அந்த நாட்களில் வெயில் காய்ந்தால் இலை தப்பிவிடும். காலையில் பனிமூட்டமும் இடையிடையே சிறு தூறலும் இருந்தால் ஓய்டியம் என்னும் பூசணம் தளிரின்மேல் வெள்ளை மாவு தூவியதுபோல் படரும். கனத்த மழை இதைக் கழுவிவிடும். ஆனால், விடாத மழையில் இலை ஈரமாகவே இருந்தால் கொலட்டோடிரிக்கம் என்னும் வேறொரு பூசணம் பழுப்புப் புள்ளிகளோடு வந்துவிடும். ஒன்றுக்குத் தூறல், மற்றொன்றுக்கு மழை! எது வந்தாலும் தளிர் உதிரும்.

இலைதான் மரத்தின் அடுப்படி. அடுப்பு எரியாவிட்டால் மங்கில் பால் ஏது? மங்கு நிறையாவிட்டால் நம் சம்பளமும் குறையும்.

இது நம் முன்னோர் பட்ட பாடுதான். 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் தோன்றியது. 1880 முதல் 1882 வரை அங்கே ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், அந்நோயின் வித்து காற்றில் பரவுகிறது, இலைமேல் ஈரம் இருந்தால்தான் முளைக்கிறது என்று காட்டினார். காரணம் தெரிந்தது, காப்பி பிழைக்கவில்லை. காப்பி நின்ற மலைகளில் தேயிலை வந்தது.

இன்றும் புது நோய்கள் வருகின்றன. பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் இலை நோய் 2017-இல் மலேசியாவுக்கு வந்தது. இது முற்றிய இலையையும் விடுவதில்லை. வட்ட வட்டமாகப் புள்ளி விழுகிறது.

நாம் செய்யக்கூடியது என்ன? தளிர் விடும் நாட்களில் வெட்டப் போகும்போது ஒருமுறை அண்ணாந்து பார்ப்போம். உதிர்ந்த தளிரில் வெள்ளை மாவோ, பழுப்புப் புள்ளியோ கண்டால் அன்றே மண்டோரிடம் காட்டுவோம். ஓய்டியத்துக்குக் கந்தகத் தூள் தூவுவது பழைய வழி. காற்றடங்கிய விடியற்காலையே அதற்கு ஏற்ற நேரம். நாள் கடந்தபின் தூவிப் பயனில்லை. மழைக்காலத்தில் ஈரப்பட்டையை வெட்டக்கூடாது. வெட்டினால் பட்டையில் கறுப்புக் கோடுகள் விழும். அழுகிய பட்டை மறுபடி சீராக வளராது.

வானத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால், வானத்தைப் பார்த்து மரத்தைக் காக்கலாம். நாளை காலை நம் நிரையில் நடக்கும்போது தளிரைப் பார்ப்போம்.