ஈறுக்கு லேசர்: பணம் கட்டும் முன்

(ஆரணியில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர் மருத்துவ உதவிக்கு மனு கொடுத்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை, முன்பற்கள் ஆடுகின்றன. லேசர் வைத்தால் ஈறு ஒட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு, மனைவியின் வளையலை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். நானும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நமக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர்தான் இரண்டே கேள்வி கேட்டார்: "பல்லைச் சுத்தம் செய்தாரா? சர்க்கரை பார்த்தாரா?" இரண்டும் இல்லை. பார்த்தால், சர்க்கரை ஏறிக் கிடக்கிறது.

லேசர் ஏமாற்று வேலை அல்ல. அதன் வேலை என்ன என்று தெரிந்துகொள்வோம். பல்லில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. ஈறு வேரை விட்டு விலகி, நடுவே பை போலப் பள்ளம் விழுகிறது. நல்ல ஈறில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இடைவெளி ஆழமாகிக்கொண்டே போகிறது. டாக்டர் காரையைச் சுரண்டி எடுத்த பிறகும் வேரின்மேல் மெல்லிய படலம் ஒன்று தங்கிவிடும். நம் கொத்தனார்களைக் கேளுங்கள்: பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுத் தூசி தட்டாமல் பெயிண்ட் அடித்தால் நிற்குமா? அந்தத் தூசியைத் தட்டத்தான் லேசர். எர்பியம் யாக் என்ற வகையின் ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். அதனால் தண்ணீர் தெளித்தபடி அடித்தால், வேர் அதிகம் சூடேறாமல் படலம் போகும். வேறு சில வகைகளைக் கவனமில்லாமல் பிடித்தால் வேரே கருகிவிடும்.

லேசர் பட்ட வேரில் ஈறின் செல்கள் நன்றாக ஒட்டுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். நோயாளியின் வாயில் அந்த அளவு பலன் தெரியவில்லை. அமெரிக்க ஈறு மருத்துவர்கள் சங்கம் 2018-ல் ஆய்வுகளை அலசியபோது, முறையான சுத்தத்தோடு லேசரையும் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிதுதான் என்றே கண்டது. சர்க்கரை கட்டுப்படாமலும் புகையிலையை விடாமலும் இருந்தால் எந்த லேசருக்கும் ஈறு சரியாக ஆறாது. ஈறு நோய் ஆறினால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும் என்பது நல்ல செய்தி.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். என் தாயாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதுவரை ஆடும் பல்லைக் காரை பிடித்து வைத்திருந்திருக்கும். காரை போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். இரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷையும் மிஸ்வாக்கையும் நிறுத்துபவர்களும் உண்டு. இரத்தம் வருவதே அழுக்கு சேர்ந்திருப்பதால்தான்.

பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னை போனால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953 முதல் நடக்கிறது; ஈறு நோய்க்குத் தனிப் பிரிவே உண்டு. இனி லேசருக்கு மனு கொடுப்பவர்கள் பல் சுத்தம் செய்த சீட்டையும் சர்க்கரை ரிப்போர்ட்டையும் சேர்த்துத் தர வேண்டும். அதன் பிறகும் லேசர் தேவை என்று டாக்டர் எழுதினால் டிரஸ்ட் யோசிக்கும். போய்வரும் செலவை இப்போதே தருகிறோம்.

அந்தச் சகோதரர் வரும் புதன்கிழமை முதல் ரயிலில் போகிறார். வளையல் வீட்டில்தான் இருக்கிறது. கூடப் போக விரும்புகிறவர்கள் அஸருக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.