வெள்ளைக் களிமண்ணும் நம் வீட்டு எஞ்சினியரும்



சென்ற தீபாவளி விடுமுறையில், நம் பள்ளியில் முன்பு படித்த ஒரு பையனின் தாயார் கெர்லிங்கில் நம்மைத் தேடி வந்தார். பையன் இரசாயனப் பொறியியல் படித்துத் தேறியவன். பேராக்கில் வெள்ளைக் களிமண் எடுக்கும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. தாயார் சொன்னார்: "எஞ்சினியர்னுதான் பேரு சார். தலையெல்லாம் வெள்ளைப் புழுதியோட வந்து நிக்கிறான். நான் மங்கு தொடச்ச காலத்துலகூட இவ்வளவு அழுக்கா வீட்டுக்கு வந்ததில்ல. ஆபீஸ் வேலையாப் பார்க்கச் சொல்லுங்க."

அந்த அம்மாள் கேட்டது நியாயமே. ஆனால் பையன் செய்யும் வேலை என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பையனும் சொல்லவில்லை. படித்த பிள்ளைகள் இந்தத் தவறை நிறையச் செய்கிறார்கள்.

இரப்பர்ப் பாலைக் கொண்டு அதை விளக்கினோம். அந்தக் காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் என்னும் கண்ணாடி மானியைப் பாலில் மிதக்க விட்டு, உலர் இரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறகு தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் ஊற்றி, உறைய வைத்து, உருளையில் பிழிந்து, புகைக் கூண்டில் உலர்த்துவார்கள். ஆசிட் கூடினாலும் குறைந்தாலும் தகடு கெடும். அதுதான் அம்மா இரசாயனப் பொறியியல் என்றோம். "அப்போ எங்க ஸ்டோர் மண்டோரும் எஞ்சினியர்தானா?" என்று சிரித்தார். பாதி உண்மைதான்.

வெள்ளைக் களிமண்ணுக்குக் கயோலின் என்று பெயர். பேராக்கில் தாப்பா, பீடோர் பக்கம் இது கிடைக்கிறது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து மணலைப் பிரிக்கிறார்கள். களிமண்ணில் ஒட்டிய இரும்புக் கறை மஞ்சளாகத் தெரியும். ஒரு வெளுப்பு மருந்து அந்த இரும்பைத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும், கழுவினால் போய்விடும். பிறகு துணி போட்ட வடிகட்டி அழுத்தியில் பிழிந்து காயவைப்பார்கள். காகிதம், பீங்கான், சாயம் எல்லாவற்றுக்கும் இது போகிறது. இரப்பர்ச் சாமான்களிலும் கலக்கிறார்கள்!

புதிதாகச் சேரும் எஞ்சினியருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மேசையில் கழிவதில்லை. மணிக்கொரு முறை மாதிரி எடுக்க வேண்டும். வெண்மை குறைந்தால் காரணம் தேட வேண்டும்: மண் மாறியதா, மருந்து குறைந்ததா, தண்ணீர் கெட்டதா? பிழிந்த கட்டியில் ஈரம் கூடினால் உலர்த்தும் எரிபொருள் செலவு ஏறும். முதலாளி கேட்பது அவனைத்தான். இரவு ஷிப்டில் பம்பு நின்றால் அவனே போக வேண்டும். இருபது ஆண்டு அங்கே வேலை செய்த தொழிலாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற பையன் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான். சட்டப்படியும் அனுபவம் வேண்டும். பட்டம் பெற்றவன் முதலில் பட்டதாரி எஞ்சினியராகப் பதிந்துகொள்கிறான். முழுத் தகுதிக்குக் குறைந்தது மூன்று ஆண்டுப் பயிற்சி தேவை.

தெற்கே இரயில் தடத்தில் ராசா, பத்தாங்காலி, செரண்டா தாண்டினால் ரவாங். அங்கே 1953 முதல் சிமெண்டு செய்தார்கள். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு 1450 டிகிரி சூட்டில் சுடும் வேலை. அங்கும் புது எஞ்சினியருக்குப் புழுதிதான்.

நம் முன்னோர் ஊர்ப்பக்கமும் இத்தொழில் பழையது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், கயிற்று நாரில் ஒட்டி வந்த திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில் அந்த மணலைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் கல்யாண வீட்டில் கேஸ் விளக்கு ஏற்றினோமே, அதன் வலைக்கு வேண்டியிருந்த தோரியம் மோனசைட்டில் இருக்கிறது.

அதே தோரியம் ஆபத்தும் தரும். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், ஈயச் சுரங்கக் கழிவு மணலில் கிடைத்த மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலை 1982-ல் தொடங்கியது. கதிர்வீச்சுள்ள கழிவை எதிர்த்து மக்கள் வழக்காடினார்கள். 1992-ல் உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993-ல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-ல் ஆலை மூடப்பட்டது. கழிவு எங்கே போகிறது என்று கேட்க வேண்டியதும் எஞ்சினியரின் வேலையே.

ஆகவே அந்தத் தாயாரிடம் நாம் சொன்னது இதுதான்: "புழுதியோடு வருகிறானே என்று வேலையை விடச் சொல்லாதீர்கள். மூக்குக் கவசம் கொடுக்கிறார்களா, போட்டுக்கொள்கிறானா, ஆண்டுதோறும் நெஞ்சுப் படம் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் புழுதி பல வருடம் நெஞ்சில் சேர்ந்தால் நுரையீரல் கெடும். கவசம் இல்லையென்றால் அப்போது வேறு இடம் பார்க்கட்டும்."

போன மாதம் பேருந்து நிற்குமிடத்தில் அவரைப் பார்த்தோம். கவசம் கொடுத்திருக்கிறார்களாம். "வடிகட்டியில ஏதோ துணிய மாத்தினானாம் சார். ஈரம் கொறஞ்சிடுச்சாம். ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு அதையே பேசிக்கிட்டிருக்கான்" என்றார்.