வீட்டுக்கு வரும் நர்ஸும் காப்பீட்டு பாலிசியும்



புனேயின் வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டி இருக்கிறது ஔந்த். ஹிஞ்சவாடியின் ஐ.டி. அலுவலகங்களுக்குப் போய்வருகிறவர்கள் நிறையப் பேர் இங்கே குடியிருக்கிறார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஊரில் தனியாக இருந்த அப்பா அம்மாவைக் கூட்டிவந்து தங்களோடு வைத்துக்கொண்டவர்கள் பலர். அப்படி ஒரு வீட்டில் எழுபத்தைந்து வயது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிட்டது. மகனும் மருமகளும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் பெரிய செலவு இனிமேல்தான் வரப்போகிறது.

அம்மாவுக்கு மூன்று பேருடைய உதவி தேவைப்படும். தையல் போட்ட இடத்தில் கட்டு மாற்ற, ஊசி போட ஒரு நர்ஸ். நடக்கப் பழக்க ஒரு பிசியோதெரபிஸ்ட். எழுப்பி உட்காரவைக்க, குளிப்பாட்ட, இரவில் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு பணிப்பெண். புனேயில் இந்தப் பணிப்பெண்ணை மாவஷி, அதாவது சித்தி என்று கூப்பிடுவார்கள். வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் ஏற்பாடு செய்யும் ப்யூரோவில் சொல்லிவைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கோ இருபத்து நான்கு மணி நேரத்துக்கோ ஆள் அனுப்புவார்கள். இந்த மூவருக்கும் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் பதில் ஒன்றல்ல.

நர்ஸுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் பணம் கிடைக்க வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு 60 நாள், 90 நாள் என்று பாலிசிகள் ஒரு காலம் குறிப்பிடுகின்றன. எந்த நோய்க்காக அனுமதிக்கப்பட்டாரோ அதே நோய் தொடர்பான மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணம் எல்லாம் அந்தக் காலத்துக்குள் அடங்கும். வீட்டு நர்ஸின் கட்டணத்தைச் சில பாலிசிகள் இதிலே சேர்க்கின்றன, சில தனியாக நாள் கணக்கில் தருகின்றன, சில தருவதே இல்லை. தருகிற இடத்திலும் டாக்டர் எழுதித் தந்த சீட்டு வேண்டும். வருகிறவர் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும். தகுதிபெற்ற நர்ஸ் என்றால் யார் என்பதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்திருக்கும் விளக்கமே இந்தப் பதிவுதான். ஆகவே ப்யூரோ தரும் ரசீதில் நர்ஸின் பதிவு எண் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. மாதம் முடிந்தபின் அந்த எண்ணுக்காக அலைவது பெரும்பாடு.

மாவஷி விஷயம் வேறு. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் வகுத்த விலக்குகளில் ஐந்தாவது இதைப் பற்றியது. குளிக்க, உடுத்த, நடமாட உதவுவதெல்லாம் சிகிச்சைக் கணக்கில் வராது. அந்த உதவியைப் பயிற்சி பெற்ற நர்ஸே செய்தாலும் வராது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. இனிப் பிழைக்கமாட்டார் என்ற நிலையில் இருப்பவருக்குச் செய்யும் ஆறுதல் பராமரிப்பும் அதே விலக்குக்குள்தான் வருகிறது. ஒரு குடும்பம் மிகவும் தளர்ந்துபோகும் கட்டம் அது. அந்த நேரத்தில் கைவிரிக்கும் இந்த விதி மாற்றப்பட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் சிகிச்சை எடுத்தால்? அதற்கு ‘டொமிசிலியரி’ என்று ஒரு பிரிவு பல பாலிசிகளில் உண்டு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய நோயாக இருக்க வேண்டும். நோயாளியை நகர்த்த முடியாத நிலை, அல்லது ஆஸ்பத்திரியில் இடமில்லை என்ற நிலை, இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். மூன்று நாளாவது சிகிச்சை நீடிக்க வேண்டும் என்பது பலரும் வைக்கும் நிபந்தனை. ஆஸ்துமா, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம் போன்றவற்றை இதிலிருந்து ஒதுக்கிவிடுவதும் வழக்கம். முதியவர்களைப் படுத்துகிற நோய்கள் பெரும்பாலும் இவைதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

‘ஆஸ்பத்திரியில் இடமில்லை’ என்ற அந்த வரியைக் கொரோனா காலம் வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில், படுக்கைக்காகப் புனேயே அலைந்தது. ஔந்தில் இருக்கும் மாவட்ட அரசு மருத்துவமனையும் அப்போது கொரோனா நோயாளிகளைப் பார்த்த இடம். அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜூலையில், கொரோனா கவச் என்ற பாலிசி வந்திருந்தது. வீட்டிலேயே சிகிச்சை பெற்றால் 14 நாள் வரை நர்ஸ் கட்டணம், டாக்டர் கட்டணம், மருந்து, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அது பணம் தந்தது. டாக்டர் வீட்டுச் சிகிச்சைக்கு எழுதித் தர வேண்டும், தினமும் நோயாளியின் நிலையைக் குறித்துவைக்க வேண்டும், அந்தத் தாளில் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள்.

கொரோனா கவச் தந்த பழக்கம் நின்றுவிடவில்லை. இப்போது பல நிறுவனங்களின் பாலிசிகளில் வீட்டுச் சிகிச்சை என்று தனி அம்சமே இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த், 2024இல் தன் வீட்டு மருத்துவ சேவையை 50க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு விரிவுபடுத்தியது. காய்ச்சல், வயிற்றுக் கோளாறு போன்றவற்றுக்கு டாக்டரும் நர்ஸும் வீடு தேடி வருகிறார்கள். சில நாள் சிகிச்சைக்கு இது பெரிய உதவிதான். பக்கவாதத்தில் விழுந்து ஆண்டுக்கணக்கில் படுத்திருப்பவருக்கு இதனால் பயனில்லை.

அரசுக் காப்பீடும் அப்படித்தான். 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எதுவாக இருந்தாலும், 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிடைப்பது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வேறு வழியில் போனது. காப்பீட்டுப் பேச்சே இல்லாமல் அரசு அனுப்பும் பணியாளர்களே வீட்டுக்கு வந்து ரத்தக் கொதிப்பு மாத்திரை தருகிறார்கள், பிசியோதெரபி செய்கிறார்கள், வலி தணிக்கும் பராமரிப்பும் தருகிறார்கள். ஔந்துக்கு வந்துவிட்ட பெற்றோர்கள் ஊரில் விட்டுவந்த வசதிகளில் இதுவும் ஒன்று.

குளிப்பாட்டுவதையும் சோறூட்டுவதையும் காப்பீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று நினைக்கத் தேவையில்லை. ஜெர்மனி 1995இலேயே அதைச் செய்தது. அங்கே வீட்டில் உள்ளவர்களே பார்த்துக்கொண்டால் குடும்பத்துக்கு ரொக்கமாகவும் தருகிறார்கள். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு முதல் 40 வயது நிறைந்த ஒவ்வொருவரும் பராமரிப்புக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டுகிறார்கள். முதுமையில் உதவி தேவைப்படும்போது பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும். நம் நாட்டில் இப்படி ஒரு பொதுக் காப்பீடு இன்னும் வரவில்லை. மருமகள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பதே இங்கே காப்பீடாக இருக்கிறது.

இருக்கிற விதிகளுக்குள் கிடைக்க வேண்டியதை வாங்க, டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். ‘நர்ஸ் தேவை’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தச் சிகிச்சைக்கு, எத்தனை நாளுக்கு என்பதும் அதில் வேண்டும். நர்ஸுக்கும் மாவஷிக்கும் ப்யூரோவிடம் தனித்தனி ரசீது கேட்க வேண்டும். ஒரே ரசீதாக இருந்தால் நர்ஸுக்கு உரிய பணமும் சேர்ந்தே மறுக்கப்படலாம். கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புனேயில் அந்த அலுவலகம் நாராயண் பேட்டில், என்.சி. கேள்கர் சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்து ஓராண்டுக்குள் மனு அங்கே போய்ச் சேர வேண்டும்.