ஆற்றுப்படுத்துவோர் நாவு



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றுப்படை பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இலக்கணத்தில் தொடங்குவதே முறை. நானோ ஓர் உணவகத்தில் தொடங்குகிறேன், பொறுத்தருள்க.

சில திங்களுக்கு முன் ஒரு நாள், என் ஆய்வு மாணவியுடன் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றேன். கடற்கரைச் சாலையில் ‘ராமென்’ என்னும் சப்பானிய உணவு கிடைக்கும் ஓர் இடத்தை நண்பர் ஒருவர் பெரிதும் புகழ்ந்திருந்தார். நண்பகலில் அங்கே அமர்ந்தோம்.

ராமென் சீனத்து மாவிழையாகச் சப்பான் சென்று, அந்நாட்டு உணவாகவே வேரூன்றியது. எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சாறு இறக்குவர். கோதுமை மாவில் நம் அப்பளக்காரத்துக்கு உறவான காரநீரைச் சேர்த்துப் பிசைவர். இழைக்கு மஞ்சள் நிறமும் துவளாத உறுதியும் தருவது அதுவே. சாற்றில் இட்டதும் சுடச்சுட உண்ண வேண்டும். தாழ்த்தினால் இழை ஊறிப் பருத்துவிடும்.

எங்களுக்கு வந்த கிண்ணத்தில் சாறு ஆறியிருந்தது. இழையோ சொதியில் நெடுநேரம் கிடந்த இடியாப்பம் போல் குழைந்திருந்தது. உப்பு ஒன்றே நாவில் நின்றது. பரிமாறிய இளைஞர் அருகில் வந்து, “எப்படி இருந்ததுங்க, மேடம்?” என்றார். “மிக நன்றாக இருந்தது” என்றேன். பாதிக் கிண்ணம் அவர் கண்முன்னேயே இருந்தது.

அங்கிருந்து கடற்கரைக்குச் சென்றோம். மீன் விற்ற அம்மையார் ஒருவரிடம் பெரிய மீன் ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். “அது நேத்து ஐஸு மீனும்மா, வேணாம். நெத்திலி இப்பதான் வந்துச்சு, அத எடுத்துக்க” என்றார். அதிக விலைக்கு விற்கக்கூடியதை அவரே விலக்கினார். நான் தலைகுனிந்தேன்.

திரும்பும் வழியில் மாணவி கேட்டாள்: “அம்மா, என் கவிதைத் தொகுப்புக்கு நீங்கள் எழுதித்தந்த அணிந்துரையும் அந்த உணவகத்தில் சொன்னதைப் போன்றதுதானா?”

திருக்கழுக்குன்றம் வரும்வரை என்னால் விடை சொல்ல இயலவில்லை.

அன்றிரவு நண்பரிடம் உணவைப் பற்றிச் சொன்னேன். “நான் அங்கே உண்டதில்லை, இன்னொருவர் சொன்னார்” என்றார். அவரைக் குறை கூற எனக்கு என்ன தகுதி? நானும் அவளுடைய கவிதைகளில் பாதியைப் படியாமலே அல்லவா அணிந்துரை எழுதியிருந்தேன்!

அன்பர்களே, ஆற்றுப்படை என்பது என்ன? பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது. நம் தொண்டை நாட்டுக் காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. முல்லை நிலத்தில் வரகுச்சோறும் அவரைப் புழுக்கும், மருத நிலத்தில் நெற்சோறும் கோழியும் என்று, எங்கே எது கிடைக்கும் என அது நிரல்படச் சொல்கிறது. அவ்வழியைக் கேட்டு நடப்பவன் தனியன் அல்லன்; பசித்த சுற்றத்தோடு நடப்பவன். சொன்னவன் நாவு பொய்த்தால் ஒரு குடும்பமே வெயிலில் ஏமாறும். ஆதலால், தான் பெற்றதைச் சொல்லும் வாய்மையே இவ்விலக்கிய வகைக்கு உயிர் என்பது என் துணிபு.

அணிந்துரையும் மதிப்புரையும் நம் கால ஆற்றுப்படைகள். இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் எத்தனை நூல்களை வெளியிட்டோம்! ஒன்றையேனும் ‘இன்னும் வேகவில்லை’ என்று சொன்னோமா? கைதட்டினோம். அதை அன்பு என்று எண்ணினோம். இளங்கவிஞரோ அதை நம்பித் தம் பயணத்தைத் தொடர்ந்தார்.

அணிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தொகுப்பை முழுமையாகப் படித்தேன். 40 கவிதைகளில் 11 நின்றன. அவளிடம் அதைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொன்னேன். இரண்டு வாரம் அவள் என் அறைப்பக்கம் வரவில்லை. பின்பு வந்தாள். “11 இல்லை அம்மா, 9தான் தேறும்” என்றாள்.

அந்த ஒன்பதும் இன்னும் அச்சேறவில்லை. ஏறும்போது அணிந்துரை எழுதுவேன். அது சிறியதாகவே இருக்கும்.

அந்த இளைஞரிடமும் உண்மையைச் சொல்லியிருந்தால், அடுத்து வந்தவருக்கேனும் சாறு சூடாகக் கிடைத்திருக்கும். பதினோராம் ஆண்டிலேனும் நாம் உண்டதை உண்டபடி சொல்வோம்.