ரப்பர் பால் ஏன் உறைகிறது?

இன்று எடுத்துக்கொண்ட வேதியியல் சொல் ‘உறைதல்’.

தமிழில் இச்சொல்லுக்கு இரண்டு வேலை. நீர் பனிக்கட்டியாவதும் உறைதல். பால் தயிராவதும் உறைதல். ஆனால் பனிக்கட்டி உருகினால் மீண்டும் நீராகும். தயிரைச் சூடாக்கினால் பாலாகுமா? ஆகாது. இரண்டாவது வகையைத் ‘திரிதல்’ என்றும் அறிவியல் நூல்கள் குறிப்பிடுகின்றன.

இந்த இரண்டாவது வகைக்கு மலேசியர்கள் நன்கறிந்த சான்று ரப்பர் பால். எஸ்.பி.எம். வேதியியலிலும் இது பாடமாக இருக்கிறது.

ரப்பர் பாலில் நுண்ணிய ரப்பர் துகள்கள் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் ஒரு புரதச் சவ்வு மூடியிருக்கிறது. சவ்வின் மேல் எதிர் மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமிலம் ஊற்றியதும் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னேற்றத்தைச் சமன் செய்கின்றன. துகள்கள் மோதுகின்றன, சவ்வு கிழிகிறது, உள்ளிருக்கும் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பால் கட்டியாகிவிடுகிறது.

தோட்டங்களில் இதற்குப் பயன்பட்டது ஃபார்மிக் அமிலம். எறும்பின் உடலிலும் இருக்கும் அமிலம் இது. அடர்த்தியாக இருந்தால் தோலைப் புண்ணாக்கும். எனவே நீர் கலந்தே ஊற்றுவார்கள். அமிலம் ஊற்றாவிட்டாலும், மங்கில் கிடக்கும் பால் மறுநாளுக்குள் கட்டிவிடும். பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குவதே காரணம். அமோனியா கலந்தால் அது அந்த அமிலத்தை முறித்துவிடும். கையுறைத் தொழிற்சாலைக்குப் பால் திரவமாகவே போய்ச் சேருவது இப்படித்தான்.

வீட்டுப் பாலில் உறை ஊற்றும்போதும், கலங்கிய நீரில் படிகாரம் போடும்போதும் துகள்களின் மின்னேற்றமே சமனாகிறது. தயிர் தோய்கிறது, சேறு திரண்டு அடியில் தங்குகிறது.

மாணவர்கள் பலர் இப்பாடத்தைப் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள். வேதியியல் என்றாலே தங்களுக்கு எட்டாதது என்று ஒதுங்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலருடைய வீட்டிலேயே, விடியற்காலையில் மரம் வெட்டி, வாளியில் பால் சுமந்த பாட்டி இருப்பார். எப்போது ஆசிட், எப்போது அமோனியா என்பது அவருக்குத் தெரியும்.

பெற்றோர்களே, பிள்ளையை அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். பால் எப்படி உறைந்தது என்று அவர் சொல்லட்டும். ஏன் உறைந்தது என்று பிள்ளை அவருக்கு விளக்கட்டும். அதன் பிறகு தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் பிள்ளை தடுமாறாது.