நாலு மீட்டர் மலை

இந்த எபிசோடுல உங்களை ஒரு புனிதக் குன்றுக்குக் கூட்டிட்டுப் போறேன். உயரம் சுமார் 4 மீட்டர். சிரிக்காதீங்க. உங்க அப்பார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி பால்கனி இதைவிட உயரம்தான், எனக்கும் தெரியும்.

எனக்கு ஊர் வேளாங்கண்ணி. இங்கே வர்ற நண்பர்கள் மாதா கோயில், கடற்கரை, வறுத்த மீன், ராத்திரி பஸ்னு முடிச்சுக்குவாங்க. இன்னும் ஒரு நாள் கையில இருக்குன்னு யாராவது சொன்னா, நான் அவங்களைத் தெற்கே கோடியக்கரைக்கு அழைச்சிட்டுப் போயிடுவேன். பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்குப் பூங்குழலியோட ஊர்னு சொன்னா உடனே புரியும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். டெல்டாவுல பாறை கிடையாது. காவிரி கொண்டு வந்து போட்ட வண்டல்தான் எங்க நிலம். 1010-ல கட்டி முடிச்ச தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலேர்ந்துதான் வந்தது. அதனால இந்தப் பக்கம் ஒரு கல்லும் ஒரு மேடும் சேர்ந்து இருந்தா, அது சாதாரண விஷயம் இல்ல.

காலையில ஆறு மணிக்குக் கிளம்புவோம். திருப்பூண்டி, தலைஞாயிறு வழியா வேதாரண்யம் போற வரைக்கும் வயலும் வாய்க்காலும்தான். வேதாரண்யம் தாண்டினதும் நிறமே மாறிடும். அகஸ்தியம்பள்ளியில ரெண்டு பக்கமும் உப்பளம். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில திருச்சியிலேர்ந்து நடக்க ஆரம்பிச்ச தொண்டர்கள், ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பு அள்ளினது இங்கேதான். நினைவுத்தூண் இருக்கு, அங்கே வண்டியை நிறுத்துவோம். அதுக்கு மேற்கால பரந்து கிடக்கிறது சதுப்பு நிலம். மழைக்காலத்துல தண்ணி நிக்கும், பூநாரை வரும். கோடையில வந்தா பாளம் பாளமா வெடிச்சு, மேல உப்புப் பூத்து, கண்ணு கூசும். நெல் விளையுற மாவட்டத்துல ஒரு பாலைவனம்.

அப்புறம் கோடியக்கரை சரணாலயம். 1967-லேர்ந்து பாதுகாக்கப்பட்ட காடு. வெளிமான் கூட்டத்தைப் பார்த்துட்டு ராமர் பாதத்துக்கு வருவோம். ஒரு மணல் மேடு, அதுல ஒரு மேடை, கல்லுல ரெண்டு பாதச் சுவடு. ராமர் இங்கே நின்னு இலங்கையைப் பார்த்தார்னு ஐதீகம். ராமநவமிக்கு நல்ல கூட்டம் வரும். இலங்கை இங்கிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர்தான்.

மேல ஏறினதும் பாதிப் பேர் கேட்கிற கேள்வி: "இவ்வளவுதானா?"

ஆஸ்திரேலியப் பாலைவனத்துல உலுரு பாறை 348 மீட்டர் உயரம். அனங்கு பழங்குடி மக்களுக்கு அது புனிதம். பல வருஷமா அவங்க ஏறாதீங்கன்னு கேட்டுக்கிட்டதுக்கு அப்புறம், 2019 அக்டோபர் 26-லேர்ந்து ஏறத் தடை வந்தது. அதைப் பார்த்து யாரும் இவ்வளவுதானான்னு கேட்க மாட்டாங்க. ஆனா உயரத்தை மீட்டர்ல மட்டும் அளக்க முடியாது. சுத்தி இருக்கிற நிலம் எவ்வளவு தாழ்வுன்னும் பார்க்கணும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்க ஊர்க் கடற்கரையில நூற்றுக்கணக்கான பக்தர்கள் இறந்து போனாங்க. எனக்கு ஒன்பது வயசு. எங்க வீட்டு மொட்டை மாடியில முன்பின் தெரியாத குடும்பங்கள் எல்லாம் ஈரத்துணியோட நின்னது ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அந்த மாடிதான் எங்களுக்கு மலை. நாலு மீட்டர் மேல இருந்தோமா, கீழ இருந்தோமாங்கிறதுதான் கணக்கு.

கடலோர மணல்மேடு செய்யற வேலையும் இதுதான். அலையோட வேகத்தை முதல்ல அது வாங்கிக்கும். மேட்டுல படர்ற அடம்பங்கொடி மணலைப் பிடிச்சு வைக்கும். காத்து இன்னும் கொஞ்சம் மணலைக் கொண்டு வந்து சேர்க்கும். இப்படித்தான் மேடு வளருது. வளர பல காலம் ஆகும், ஜேசிபிக்கு ஒரு காலைப்பொழுது போதும். கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்துல மணல்மேட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனா கடல் தெரியணும்னு ஆசைப்படறவங்களுக்கு மேடு ஒரு மறைப்பாத்தான் தெரியுது.

ராமர் பாதத்தை யாரும் வெட்டிச் சமப்படுத்த மாட்டாங்க. கல்லுல பாதம் இருக்கு, கும்பிட ஆள் இருக்கு. பாதம் பதியாத மேடுகளைப் பத்திதான் எனக்குக் கவலை. அதுக்குத் திருவிழா கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். தண்ணி பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டு வாங்க. குரங்குக்குச் சிப்ஸ் போடாதீங்க. மேட்டுல ஏற வழி இருக்கு, சரிவுல செடியை மிதிச்சுச் சறுக்காதீங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் இந்தக் காட்டை அடிச்சுப் போட்டுடுச்சு, இப்பதான் தேறிட்டு வருது.

பெசன்ட் நகர்லயோ நீலாங்கரையிலயோ இருந்து கேட்கிறீங்கன்னா, இந்த வாரம் கடற்கரைக்குப் போறப்ப ஒரு மணல்மேடாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.